காந்தம் கண்டுபிடிக்கும், கண் திறப்பார் யார்?

2013 ஜூலை 16. பீகாரிலே கண்டாமன் எனும் சிற்றூர். பள்ளியில் பகலுணவு உண்ட பச்சிளம் பிள்ளைகள் 23 பேர் பிணமாயினர்! உணவிலே கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ் எனும் பூச்சிமருந்து. மருந்தாம், மருந்து! நஞ்சுக்கு நல்ல பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

அளவுக்கு மிஞ்சிய நஞ்சு ஆளைக் கொன்று தன்னைக் காட்டிக்கொள்ளும். கத்தரியிலும் வெண்டையிலும் ஒட்டி, அன்றாடம் அணு அணுவாய் நம் வயிற்றில் இறங்குவது காட்டிக்கொள்ளுமா, தோழர்களே?

அதைக் காட்டவும் ஆய்வுக்கூடங்களிலே வழி கண்டுவிட்டனர். இரும்பு ஆக்சைடுத் துகள். அதன்மேல் ஒரு பூச்சு. குறிப்பிட்ட நஞ்சின் மூலக்கூறையே அச்சாக வைத்துப் பூச்சை வார்த்து, பிறகு அச்சைக் கழுவி எடுத்துவிடுகிறார்கள். எஞ்சிய குழியிலே அந்த நஞ்சு வந்து சிக்கும். காய்ச்சாற்றில் துகளைக் கலக்கி, பாத்திரத்துக்கு வெளியே காந்தம் பிடித்தால், நஞ்சோடு துகள் ஓரம் ஒதுங்கும். சாற்றை வடித்து, சிக்கியதைப் பிரித்து அளந்துவிடலாம்.

அளப்பது யாருக்காக? 2010-இல் குளோர்மெக்குவாட் மிச்சம் இருந்ததென்று நம் நாட்டுத் திராட்சையைத் திருப்பியது ஐரோப்பா. ஏற்றுமதித் திராட்சைக்குச் சோதனை உண்டு. சீமைக்குச் செல்லும் பழத்துக்குள்ள சீர், சிற்றூர்ச் சிறுவனின் சோற்றுக்கு இல்லையா என்று கேட்கிறோம். பள்ளிக்கு வரும் காயையும் எண்ணெயையும் சோதிக்க மாவட்டந்தோறும் ஒரு கூடம் வையுங்கள் என்கிறோம்.

செலவாகுமே என்பார்கள். கண்டாமன் தாய்மாரிடம் போய்ச் சொல்லட்டும் அந்தக் கணக்கை!