கொடுத்தவருக்கே வேலை

இலக்கியம் பேசும் இடத்தில் நகராட்சி ஒப்பந்தங்களுக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நூலகத்து வாசலில் சாக்கடை தேங்கினால் இலக்கியவாதிக்கும் கால் நனையத்தான் செய்யும்.

பேரூராட்சியாக இருந்த எங்கள் கோட்டக்குப்பம் 2021இல் நகராட்சியாயிற்று. பெயர்ப்பலகை மாறினால் செலவும் பெருகும். சாலை, வடிகால், குடிநீர் என ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தப்புள்ளி கோரப்படும். அவ்வேலையைப் பெறுகிறவர் தேர்தல் வேளையில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தார்? இங்கே எவரையும் நாங்கள் குற்றஞ்சாட்டவில்லை. அப்படிக் கேட்பதற்கு ஒரு விதியே இல்லையே என்பதுதான் எங்கள் வழக்கு.

அரசோடு தம் தொழிலின்பொருட்டு ஒப்பந்தம் வைத்திருப்பவர் சட்டமன்ற உறுப்பினராக இருக்கவியலாது என்கிறது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9அ பிரிவு. நல்லது. ஆனால் அதே ஒப்பந்ததாரர் ஆளுங்கட்சிக்குக் கோடிகளைக் கொட்டலாம்! 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 182ஆம் பிரிவு அரசு நிறுவனங்களும் மூன்றாண்டு நிரம்பாத நிறுவனங்களும் நன்கொடை தருவதைத் தடுக்கிறது. அரசு வேலை எடுக்கும் தனியாரைப் பற்றி வாய் திறப்பதில்லை. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை.

அக்கதவின் அகலத்தை 2024இல் நாடே கண்டது. தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 15 அன்று செல்லாதென அறிவித்தது. அடுத்த மாதம் வெளியான பட்டியலில், அரசுகளின் குடிநீர், சுரங்கப்பாதைப் பணிகளை எடுத்துச் செய்யும் மேகா எஞ்சினியரிங் நிறுவனம் 966 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருந்தது. சட்டப்படி அதில் பிழையில்லை. சட்டம் அப்படி இருப்பதுதான் பிழை.

அமெரிக்காவில் நகராட்சிகள் கடன்பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டும். அவற்றை விற்றுத்தரும் நிறுவனங்கள், அவ்வேலையைத் தரவல்ல மேயர்களின் தேர்தல் செலவுக்குக் கொடுத்து வந்தன. 1994இல் அங்குள்ள நகராட்சிப் பத்திர ஒழுங்குமுறை வாரியம் ‘ஜி-37’ என்றொரு விதி செய்தது. நிறுவனமோ அதன் பத்திரத் தொழிலர்களோ அத்தகைய பதவியாளருக்கு நன்கொடை கொடுத்தால், அந்த நகராட்சியின் பத்திர வேலையை அந்நிறுவனம் இரண்டாண்டு தொடக்கூடாது. தாம் வாக்களிக்கக்கூடிய வேட்பாளருக்கு 250 டாலர் வரை தொழிலர் தரலாம், அவ்வளவே. நன்கொடை எங்கள் பேச்சுரிமை என்று தொடுக்கப்பட்ட வழக்கு 1995இல் தோற்றது. கையூட்டு நடந்ததென மெய்ப்பிக்கும் தொல்லையே இவ்விதியில் இல்லை. கொடுத்தாயா? சரி, இரண்டாண்டு ஒதுங்கியிரு.

‘மைத்துனன் பெயரில் கொடுப்பான் ஐயா’ என்பார்கள் நம் ஊர் அறிவாளிகள். பிறர் வழியாகக் கொடுப்பதையும் அவ்விதி தடுக்கிறது. அது போகட்டும். கணக்குக் காட்டாத வாரியத்தாரின் பெயரை மட்டுமன்று, அவருடைய உறவினர் பெயரையும் குடவோலையில் எழுதலாகாது என்று பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டினார்கள் உத்திரமேரூர்ச் சபையார். மைத்துனர்களை அவர்களும் அறிந்திருந்தார்கள். மேடைதோறும் அக்கல்வெட்டைப் புகழ்வோர் இந்தப் பகுதியை மட்டும் ஏனோ விரைந்து கடந்துவிடுகிறார்கள்.

கடன்பத்திரமும் நமக்கு அயலானதன்று. மதுரை மாநகராட்சி 2001இல் உள்வட்டச் சாலைக்காக வெளியிட்டது. அதன்பின் சிறு நகராட்சிகளைச் சேர்த்துத் தமிழகம் கூட்டுப் பத்திரமும் கண்டது. 2025இல் சென்னை மாநகராட்சி 200 கோடி ரூபாய் திரட்டியது. நாளை கோட்டக்குப்பத்தின் பெயரும் ஏதேனுமொரு கூட்டுப் பத்திரத்தில் வரலாம். வடிகால் வெட்டுபவர், பத்திரம் விற்பவர் இருவருக்கும் இப்போதே விதி வேண்டும். 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும்: ஒப்பந்தம் கோருபவர் முந்தைய இரண்டாண்டில் தாமும், தம் பங்குதாரரும், குடும்பத்தாரும் கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் தந்த தொகையை எழுதித்தர வேண்டும், நகராட்சி அலுவலக வாசலில் அது ஒட்டப்பட வேண்டும், வேலை தரும் மன்றத்தை ஆளும் கட்சிக்குக் கொடுத்திருந்தால் ஒப்பந்தப்புள்ளி பிரிக்கப்படாமலேயே திரும்ப வேண்டும். வைப்புத்தொகைக்கும் வரிச்சான்றுக்கும் படிவத்தில் இடமிருக்கிறது. இதற்கும் நான்கு வரி ஒதுக்கலாம்.