பாதி வடை

ஆம்பூர் தோல் கம்பெனி ஆபீஸில் எக்ஸ்போர்ட் பில் போடுவதுதான் என் உத்தியோகம். புல்தரை வைத்தியம் அதில் சேர்த்தி இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும், ஆபீஸ் முன்னாலிருந்த கொரியன் புல்லில் ஒரே ராத்திரியில் ஏழு மண்குவியல்! அடுத்த வாரம் ஜெர்மனியிலிருந்து பையர் வருகிறார். மேனேஜர் ஜன்னல் வழியே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். (சும்மா இருப்பவன் மாதிரி ஒரு முகம் எனக்கு.)

வந்திருந்தது பெருச்சாளி. தெலுங்கில் பந்திகொக்கு, அதாவது பன்றி எலி. அதைத்தான் இங்கிலீஷ்காரன் பாண்டிகூட் ஆக்கினான். ஆஸ்திரேலியாவில் வயிற்றில் பையோடு திரியும், சம்பந்தமே இல்லாத பிராணிக்கும் அதே பெயரை வைத்துவிட்டான்.

நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். எலிப் பசை ஒரு ட்யூப் வாங்கினேன். கேன்டீன் மசால் வடையைப் பாதியாகப் பிட்டு, ஒரு பாதியில் தடவி வளை வாயில் வைத்தேன். மறு பாதியை நான் தின்றேன். காலையில் வடையைக் காணோம். 'ஜெயிச்சாச்சு' என்று திரும்பினால், வாட்ச்மேனின் நாலு வயசுப் பெண் புல்தரையில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருக்கிறாள்.

"என்ன பாப்பா திங்கறே?"

வாயை இறுக மூடிக்கொண்டாள்.

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அந்தப் பசையில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். தின்றவர் முதல் நாள் நன்றாகவே இருக்கலாம். இரண்டு மூன்று நாளில் கல்லீரல் கெட ஆரம்பிக்கும். முறிமருந்து கிடையாது. வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் இதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வாட்ச்மேன் வழி முழுக்க என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "எதுக்கும் அட்மிஷன் போடுங்க" என்றார் டாக்டர்.

நான் ஆபீஸுக்குத் திரும்பினபோது, மேனேஜர் வரவழைத்த இருளர் பெரியவர் புல்தரையில் குந்தியிருந்தார். ஈர மண் தள்ளியிருந்த வளைகளை மட்டும் தொட்டார். மற்றது காலியாம். எல்லா வாயையும் மண்ணால் அடைத்து, ஒன்றில் மட்டும் வைக்கோல் புகை ஊதி, கடப்பாரையால் தோண்டினார். பூனைக்குட்டி சைஸில் ஒரு பெருச்சாளி அவர் கைக்கு வந்தது. உள்ளே ஒரு கூடை எலும்பு, ஒரு பேனா மூடி... என் வடை! ஓரத்தில் ஒரு பல் குறி, அவ்வளவுதான்.

"புதுசா எதையும் சட்டுன்னு நம்பாது சார்" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டேன். வாட்ச்மேன் பேசவில்லை. மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பாப்பா மென்றது கடலை மிட்டாயாம்.

பெருச்சாளியைப் பெரியவரிடமே எடுத்துப் போகச் சொன்னேன். "வெசம் வெச்ச வளை சார். இத்த நாங்க துன்ன மாட்டோம். கேன்டீன் பின்னால இன்னா கொட்றீங்கன்னு போய்ப் பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். பாதி ஊர் தின்று போட்ட மாதிரி பிரியாணி எலும்பு! அன்றைக்கே மூடி போட்ட டிரம் வந்தது. வளைகளில் உடைத்த செங்கல்லும் சரளையும் கொட்டி, மேலே மணல் கலந்த செம்மண் போட்டு, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டோம். வெறும் மண்ணை மட்டும் தள்ளினால் திரும்பத் தோண்டிவிடும். வேலியோரத்துப் புல்லைப் பத்தை பத்தையாக வெட்டி வந்து மேலே பதித்தோம். பச்சை பிடிக்கத் தை முடிந்துவிட்டது.

பையர் புல்தரைப் பக்கம் திரும்பவே இல்லை. பிரியாணி எத்தனை மணிக்கு என்றுதான் விசாரித்தார்.

பாப்பா மட்டும் இன்றைக்கும் என்னைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்கிறாள்.