கண்ணீர் அவிசுவாசம் அல்ல





சில ஆண்டுகளுக்கு முன் ஒரு துக்க வீட்டில் நான் செய்த தவறொன்றை இந்த வாரம் உங்கள் முன்பாக அறிக்கையிட விரும்புகிறேன். சாலை விபத்தில் ஒரே மகனை இழந்த தாய் ஒருவர் அவனுடைய பெட்டியின்மேல் சாய்ந்து கதறிக்கொண்டிருந்தார். நான் அருகே சென்று, "அழாதீர்கள் அம்மா, விசுவாசியாகிய நீங்களே இப்படி அழுதால் மற்றவர்களுக்கு எப்படிச் சாட்சியாயிருப்பீர்கள்?" என்றேன். அவர் உடனே அடங்கிப்போனார். என் வார்த்தை அவரைத் திடப்படுத்திவிட்டது என்றே எண்ணினேன்.

அதன்பின் நான்கு மாதங்களாக அவர் ஆலயத்திற்கு வரவில்லை. வீட்டிற்குச் சென்று விசாரித்தபோது, "ஐயா, கோயிலுக்குள் வந்து உட்கார்ந்தாலே அழுகை வந்துவிடும். அழுதால் விசுவாசம் இல்லாதவள் என்று ஆகிவிடுமே, அதனால்தான் வரவில்லை" என்றார். அன்று என் தவறு எனக்கு விளங்கிற்று. மகனை இழந்த தாயிடமிருந்து, அவருக்கு மிஞ்சியிருந்த சபையின் துணையையும் நான் பறித்திருந்தேன்.

பிரியமானவர்களே, துன்பத்தில் இருப்போரிடம் நாம் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறோம். "எல்லாம் நன்மைக்கே", "ஆண்டவர் தாங்கக்கூடியவர்களுக்குத்தான் கொடுப்பார்" என்கிறோம். ஆயினும் இவ்வார்த்தைகள் பலமுறை கேட்பவரின் வாயை அடைக்கின்றனவேயன்றி, அவர் இருதயத்தை ஆற்றுவதில்லை. கண்ணீரை அவிசுவாசமாக எண்ணும் இவ்வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்பதே என் தாழ்மையான கருத்து. நமக்கு அருளப்பட்ட வேதமும் இதையே போதிக்கிறது.

சங்கீத புஸ்தகத்தைத் திறந்து பாருங்கள். துதியின் பாடல்களோடு முறையீட்டின் பாடல்களும் அதில் ஏராளமாய் உள்ளன. 88-ஆம் சங்கீதம் விடியலைக் காணாமல், இருளைப் பற்றிய சொல்லோடேயே முடிகிறது. எனினும் அதைத் தேவஜனம் தங்கள் ஆராதனைப் புஸ்தகத்திலிருந்து நீக்கவில்லை. எருசலேமின் அழிவைக் கண்டு பாடப்பட்ட புலம்பல் புஸ்தகமோ ஐந்து அதிகாரங்களும் துக்கமே. முதல் நான்கு அதிகாரங்கள் எபிரெய மொழியின் 22 எழுத்துகளை வரிசையாகப் பின்பற்றி அமைந்தவை. முதல் எழுத்து தொடங்கிக் கடைசி எழுத்துமட்டும், ஒன்றையும் மறைக்காமல் அழுது தீர்த்ததுபோல அவை நிற்கின்றன. காலைதோறும் புதிதாகும் தேவ இரக்கத்தைப் பற்றிய நம்பிக்கையின் வசனங்கள் அப்புஸ்தகத்தின் நடுவே, மூன்றாம் அதிகாரத்தில் வருகின்றன. அவற்றைச் சொன்ன பின்பும் அழுகை தொடருகிறது. நம்பிக்கை வந்தபின் கண்ணீர் நின்றுவிட வேண்டும் என்று அங்கே யாரும் கட்டளையிடவில்லை.

யோவான் 11-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவரைக் காண்கிறோம். லாசருவை எழுப்பப்போவதை அவர் அறிந்திருந்தார். தாமே உயிர்த்தெழுதல் என்று மார்த்தாளிடம் சற்று முன்புதான் அறிவித்தார். ஆனாலும் மரியாளும் மற்றவர்களும் அழுவதைக் கண்டபோது ஆவியிலே கலங்கி, அவரும் கண்ணீர்விட்டார். முடிவை அறிந்தவரே அழுதார் என்றால், முடிவைக் காணாத நாம் அழுவது எவ்வாறு பாவமாகும்?

"பவுல் அப்போஸ்தலன் துக்கிக்க வேண்டாம் என்று எழுதவில்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். 1 தெசலோனிக்கேயர் 4-ஆம் அதிகாரத்தைக் கவனமாக வாசியுங்கள். நம்பிக்கையற்றவர்கள் துக்கிப்பதுபோல நீங்கள் துக்கிக்கலாகாது என்பதே அவருடைய கருத்து. துக்கத்தை அவர் விலக்கவில்லை. துக்கத்தின் நடுவில் நம்பிக்கையை வைக்கிறார். அதே பவுல், ஆசியாவில் தமக்கு நேரிட்ட உபத்திரவத்தினால் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதை 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் சபைக்கு ஒளிக்காமல் எழுதினார்.

அப்படியானால் பெலன் எவ்வாறு வருகிறது? எலியாவைப் பாருங்கள். 1 இராஜாக்கள் 19-இல் அவர் சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, சாக வேண்டும் என்று விண்ணப்பம்பண்ணினார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்து, மறுபடியும் உறங்கவிட்டு, இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் செய்தான். ஓரேபுமட்டும் நாற்பது நாள் நடப்பதற்கான பெலன் அந்த எளிய உணவிலிருந்தே வந்தது. பெரிய விடை கிடைக்குமுன் இன்றைக்கு வேண்டிய அப்பத்தை நம் தேவன் தருகிறார். விடியும்வரை தாங்கும் கிருபையும் கிருபையே.

நம் திருநெல்வேலிச் சீமையிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. டோனாவூரில் எண்ணற்ற பிள்ளைகளுக்குத் தாயாக விளங்கிய எமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ஆம் ஆண்டில் தவறி விழுந்து காயமுற்றார். 1951-இல் ஆண்டவருக்குள் நித்திரையடையும்வரை ஏறத்தாழ 20 ஆண்டுகளைப் பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலுமே கழித்தார். சுகம் வேண்டி அநேகர் ஜெபித்தும் அவர் முன்போல நடமாடவில்லை. அந்த நாட்களில், நலமாயிருப்போர் நோயாளிகளுக்கென எழுதியவை தம் உள்ளத்தை எட்டவில்லை என்பதை அவர் உணர்ந்தார். ஆகவே நோயுற்றோருக்கு நோயுற்ற ஒருவராகவே கடிதங்கள் எழுதினார். அவருடைய விசுவாசம் வலியை மறைக்கவில்லை. வலியின் நடுவிலிருந்து மற்றவர்களுக்குக் கைநீட்டிற்று.

ஆகையால் அன்பானவர்களே, துக்க வீட்டிற்குச் செல்லும்போது விளக்கம் சொல்ல அவசரப்படாதீர்கள். யோபின் சிநேகிதர் ஏழு நாள் இராப்பகலாய் அவரோடு மௌனமாய்த் தரையில் உட்கார்ந்திருந்தவரையில் நன்றாய்ச் செய்தார்கள். வாய் திறந்து காரணம் கற்பித்தபோதுதான் தவறினார்கள். அடக்க ஆராதனைக்குத் திரளாய் வருகிறோம். நாற்பதாம் நாளில் அவ்வீட்டு வாசலில் எத்தனை செருப்புகள் கிடக்கின்றன? ஒரு வேளைக் கஞ்சி கொண்டுபோங்கள். இறப்புச் சான்றிதழ் வாங்க அலுவலகத்திற்குத் துணையாகச் செல்லுங்கள். மரித்தவரின் பெயரைச் சொல்லிப் பேசத் தயங்காதீர்கள்.

நீங்களே துன்பத்தில் இருப்பீர்களானால், ஜெபிக்க வார்த்தை வரவில்லையே என்று உங்களைக் குற்றப்படுத்திக்கொள்ளாதீர்கள். அழுதுகொண்டே தேவசமுகத்தில் உட்காருங்கள். அவரிடத்தில் முறையிடுகிறவன் அவரை விட்டு ஓடவில்லையே!

அந்தத் தாயிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஞாயிறு அவர் வந்து கடைசி வரிசையில் அமர்ந்தார். பாடல் தொடங்கியதும் அழுதார். அருகிலிருந்த சகோதரி ஒன்றும் பேசாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இன்றும் அவர் அழுவதுண்டு. ஆனால் நம் சபையில் ஒரு மரணம் நேரிட்டால், அந்த வீட்டிற்கு முதலில் சென்று தரையில் உட்காருகிறவர் அவரே.

ஜெபிப்போம்: எங்கள் அன்பின் பரம பிதாவே, கல்லறையண்டையில் கண்ணீர்விட்ட உமது குமாரனை எங்களுக்குத் தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். அழுகிறவர்களுக்கு இன்றைய நாளுக்கான பெலனைத் தாரும். அவர்களோடு அமர்ந்திருக்க எங்களுக்குப் பொறுமையைத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.