எங்க பிள்ளை கையில மறுபடியும் முறமா?

'ஏழைப் பிள்ளைகளுக்குக் கலை, கைத்தொழில் கத்துக்கொடுக்கிறோம்' என்று சேரிக்குள் வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: உங்க பிள்ளைக்கு எதைக் கத்துக்கொடுக்கிறீங்க?

அங்கே வீணை, ஓவியம், கம்ப்யூட்டர். இங்கே கூடை, முறம், ஊதுவத்தி. அங்கே படிப்போடு கலை. இங்கே படிப்புக்குப் பதிலாகக் கலை. அந்தப் 'பதிலாக'வுக்குள்தான் சாதி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

இது புதுசில்லை. 1953இல் இராஜாஜி அரசு, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பை நாளைக்கு மூன்று மணி நேரமாகச் சுருக்கியது. மீதி நேரத்தில் அப்பன் தொழிலைப் பழகு என்றது. தோட்டி மகன் எதைப் பழகுவான்? 'குலக்கல்வி' என்று அம்பலப்படுத்திப் பெரியார் இயக்கத்தினரும் தி.மு.க.வினரும் போராடினார்கள். 1954இல் இராஜாஜி விலகினார். காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார்.

திட்டம் செத்தது, எண்ணம் சாகவில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை, பிள்ளைகளைப் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் தச்சரிடமும் குயவரிடமும் பழகச் சொல்கிறது. எல்லாருக்கும்தானே என்பார்கள். வசதிக்காரப் பிள்ளை மண் பிசைந்துவிட்டு நீட் கோச்சிங்குக்குத் திரும்பிவிடும். நம்ம பிள்ளை? 2023இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில் 18 குடும்பத் தொழில்கள். செருப்புத் தைப்பது, சலவை, முடிதிருத்துவது எல்லாம் உண்டு. வயது 18 ஆனால் போதும். காலேஜ் வாசலில் நிற்க வேண்டிய பிள்ளையைக் கடன் காட்டிக் கூப்பிடுகிறார்கள்.

கைத்தொழில் கேவலம் என்று நான் சொல்லவில்லை. பறையை நெருப்பில் காய்ச்சி, தட்டிப் பார்த்தே தோலின் விறைப்பைச் சொல்கிற காது சாதாரணக் காதில்லை. அந்தக் காதுக்கு ஊர் கொடுத்த மரியாதை, சாவு வீட்டு வாசலில் தள்ளி நிற்பது. வேண்டாம்னு விட்டுட்டுப் போக உரிமை இருந்தால்தான் அது கலை. இல்லேன்னா அடிமை ஊழியம்.

பறை அவ்வளவு உயர்ந்ததா? அக்கிரகாரத்துப் பிள்ளைக்கும் ஊர்த்தெருப் பிள்ளைக்கும் பாடமா வையுங்க. செருப்புத் தைக்க அந்தக் கைகளும் பழகட்டும். எங்க பிள்ளைக்கு முதலில் கணக்கு, இங்கிலீஷ், லேப், லைப்ரரி. அதோடு வயலினா, களிமண்ணா, பறையா என்பதை அந்தப் பிள்ளையே சொல்லட்டும்.

படிப்போடு கொண்டு வந்தால் திண்ணையில் இடம் உண்டு. படிப்புக்குப் பதிலாக என்றால், உங்க தையல் மிஷினையும் மூங்கில் கட்டையும் ஊர்த்தெருவிலேயே இறக்கி வையுங்க.