பேராசிரியருக்குக் கதிரை, கப்பலுக்குக் கடல்



அகதிகளுக்காகக் கதைக்கும்போது எங்கட பக்கத்தில் அடிக்கடி எடுத்துவிடுகிற ஒரு வாதம் இருக்கு. "அகதிகளுக்குள்ள டொக்டர்மார் இருக்கினம், இஞ்சினியர்மார் இருக்கினம், ஐன்ஸ்டைனும் அகதிதானே!" கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் இந்த வாதத்தை நாங்கள் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்ல, அதே ஐன்ஸ்டைனுக்குச் சத்திரசிகிச்சை செய்த ஒரு ஜேர்மன் வைத்தியரின் கதையை எடுக்கிறேன்.

அவர் பெயர் ருடோல்ஃப் நிஸ்ஸன். 1896இல் சிலேசியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். முதலாம் உலகப்போரில் ஜேர்மன் படையில் நின்று காயப்பட்டவர். பிறகு பேர்லின் சாரிட்டே வைத்தியசாலையில், நெஞ்சுச் சத்திரசிகிச்சையில் அக்காலத்தின் பெரிய பெயரான சாவர்புருக்கின் உதவியாளராக வேலை செய்தார். 1931இல் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் ஒருபக்க நுரையீரலை முழுதாக அகற்றினார். பிள்ளை பிழைத்தது. மருத்துவ வரலாற்றில் அது ஒரு மைல்கல்.

1933 ஏப்ரலில் ஹிட்லர் அரசு யூதர்களை அரச பதவிகளிலிருந்து நீக்கச் சட்டம் போட்டது. போர்முனையில் நின்றவர்களுக்கு அதில் விலக்கு இருந்தது. நிஸ்ஸனுக்கும் அது பொருந்தும். ஆனாலும் அவர் நிற்கவில்லை, நாட்டை விட்டு வெளியேறினார். குருவான சாவர்புருக் அங்கேயே இருந்தார். அடுத்த வருடமே அந்த ஆட்சியில் கௌரவப் பதவியும் வாங்கினார்.

நிஸ்ஸன் போனது இஸ்தான்புல். துருக்கி அப்போது தன் பல்கலைக்கழகத்தைச் சீரமைத்துக்கொண்டிருந்தது, பேராசிரியர்கள் தேவைப்பட்டார்கள். ஜேர்மனியில் துரத்தப்பட்டவர்களைக் கூப்பிட்டுக் கதிரை கொடுத்தது. 1939இல் நிஸ்ஸன் அமெரிக்கா போனார். 1948இல் புரூக்ளினில் ஐன்ஸ்டைனின் வயிற்றில் வீங்கியிருந்த பெருநாடியைச் செலோபேன் தாளால் சுற்றினார். ஐன்ஸ்டைன் 1955 வரை வாழ்ந்தார். பின்னர் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து, இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் அடியைச் சுற்றித் தைக்கும் முறையை 1956இல் வெளியிட்டார். அமிலம் மேலே ஏறி நெஞ்செரிகிற ஆக்களுக்குச் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் இன்றைக்கும் அவர் பெயரால்தான் அந்தச் சிகிச்சை நடக்கிறது.

இத்தோடு நிறுத்தினால் இது நல்ல அகதிக் கதை. ஆனால் அதே இஸ்தான்புலுக்கு 1941 டிசம்பரில் 'ஸ்ட்ரூமா' என்ற பழுதான கப்பல் வந்தது. அதில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட யூத அகதிகள். இரண்டு மாதத்துக்கு மேல் துறைமுகத்தில் நின்றது. மிகச் சிலரைத் தவிர ஒருவரையும் கரையிறங்க விடவில்லை. பாலஸ்தீனத்துக்குள் அவர்களை எடுக்கப் பிரித்தானியாவும் மறுத்தது. 1942 பெப்ரவரியில் இயந்திரம் வேலை செய்யாத கப்பலைக் கருங்கடலுக்கு இழுத்துப்போய் விட்டார்கள். சோவியத் நீர்மூழ்கி ஒன்று அதைத் தாக்கியது. பிழைத்தவர் ஒரே ஒருவர். பேராசிரியருக்குக் கதிரை போட்ட நகரம் அது.

அவுஸ்திரேலியா மட்டும் என்ன? 1938 எவியான் மாநாட்டில் இந்த நாட்டுப் பிரதிநிதி, எங்களிடம் இனப் பிரச்சினை இல்லை, அதை இறக்குமதி செய்ய விருப்பமும் இல்லை என்றார். பூர்வகுடிகளிடம் பறித்த நிலத்தின் பேரில் பேசியவர் இதைச் சொன்னார்! தப்பி வந்த யூத வைத்தியர்களுக்கும் இங்கே மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்புத்தான் காத்திருந்தது. சிட்னியில் பலர் திரும்பவும் மாணவராக உட்கார வேண்டியிருந்தது. அதாவது, 'பயன்படுவார்கள்' என்ற வாதம் பயனுள்ளவர்களைக்கூடக் காப்பாற்றவில்லை.

2014இல் புதுச்சேரியிலிருந்து படகில் வந்த 157 தமிழரை நினைத்துப் பாருங்கள். அவுஸ்திரேலிய அரசு அவர்களைக் கிட்டத்தட்ட ஒரு மாதம் கடலிலேயே சுங்கக் கப்பலில் அடைத்துவைத்தது. அது சட்டப்படி சரி என்று உயர் நீதிமன்றம் 2015இல் 4க்கு 3 என்று தீர்ப்பளித்தது. அந்தப் படகில் எத்தனை வைத்தியர் என்று எண்ணிப்பார்த்தா நாங்கள் கோபப்படுவது?

எங்கட சமூகத்துக்குள்ளும் இதே கணக்கு ஓடுது. புள்ளி முறையில் விசா எடுத்து வந்த குடும்பம் 'முறையா வந்த ஆக்கள்'. படகில் வந்து, வருடக்கணக்காகப் பிரிட்ஜிங் விசாவில் தொங்குகிற ஆக்கள் 'அவை'. திறமையை வைத்து உரிமை கேட்டால், இந்தப் பிரிவினையை நாங்களே உறுதிப்படுத்துகிறோம்.

1951 அகதிகள் உடன்படிக்கை ஒருவரின் தொழிலைக் கேட்பதில்லை, அவருடைய அச்சத்துக்கு நியாயம் உண்டா என்றுதான் கேட்கிறது. அவுஸ்திரேலியா 1954இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை அது.

ஆகவே அடுத்த ஊர்வலத்துக்குப் பதாகை எழுதும்போதும், உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் போடும்போதும், தொழில் பட்டியலை விடுங்கள். நிரந்தர விசாவும் வேலை செய்யும், படிக்கும் உரிமையும் எல்லோருக்கும் என்று கேளுங்கள். நிஸ்ஸன் பெரிய வைத்தியர், மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு 1933இல் தேவைப்பட்டதும் ஸ்ட்ரூமாவில் இருந்தவர்களுக்குத் தேவைப்பட்டதும் ஒன்றுதான்: காலூன்ற ஒரு கரை.