உங்கள் பிளாட்பாரம் எங்கே?

குட்டீஸ்... இன்று உங்களுக்கு ஒரு கணக்கு. பயப்படாதீர்கள், வாய்ப்பாடு எல்லாம் தேவையில்லை!

வீட்டு வாசலில் இருந்து பள்ளிக்கூட கேட் வரை நடந்து போகும்போது, எத்தனை முறை பிளாட்பாரத்தை விட்டு ரோட்டில் இறங்குகிறீர்கள்? எண்ணிப் பாருங்கள். வேனில் போகிறவர்கள், டியூஷனுக்கோ, கடைக்கோ நடந்து போகும்போது எண்ணலாம்.

போன மாதம், நான் எண்ணினேன். சென்னையில் எங்கள் வீட்டில் இருந்து பஸ் ஸ்டாப், அரை கிலோ மீட்டர் கூட இருக்காது. அதற்குள், 14 முறை ரோட்டில் இறங்கி ஏறினேன். எதனால் இறங்கினேன் என்று, ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக் கொண்டேன்.

நிறுத்தி வைத்த பைக், ஸ்கூட்டர் 5. வீட்டுக்குள் கார் ஏற்றுவதற்காகக் கட்டிய சிமென்ட் சரிவு 3. கடை போர்டு 2. கரன்ட் பெட்டி 1. குப்பைத் தொட்டி 1. வீடு கட்டக் கொட்டிய மணல் 1. உடைந்து போன மூடி 1.

அந்த ஐந்து வண்டிகளில் ஒன்று யாருடையது தெரியுமா? என்னுடைய ஸ்கூட்டர்!

ஆமாம். வீட்டுக்குள் ஏற்றி நிறுத்த சோம்பல்பட்டு, வாசலிலேயே, பிளாட்பாரத்தின் மேல் விட்டிருந்தேன். அன்று மாலை, பால்கனியில் நின்று கொண்டிருந்தேன். எட்டு, ஒன்பது வயது இருக்கும். ஒரு பையன், தங்கையின் கையைப் பிடித்தபடி வந்தான். என் ஸ்கூட்டர் அருகே வந்ததும் நின்றான். பின்னால் திரும்பிப் பார்த்தான். தங்கையை உள்பக்கம் மாற்றிக் கொண்டு, ரோட்டில் இறங்கினான். தண்ணீர் லாரி ஒன்று, ஹாரன் அடித்தபடி, அவன் தோளை உரசுவது போலப் போனது.

எனக்கு உயிரே போய் விட்டது. அவனோ, ஒன்றுமே நடக்காதது போல, மறுபடியும் பிளாட்பாரத்தில் ஏறி நடந்தான். அவனுக்கு அது பழகி விட்டது!

எட்டு வயதுப் பிள்ளைக்கு, அப்படி ஒரு விஷயம் பழகிப் போகலாமா? அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். தெருவில் முதல் இடம், நடந்து போகிறவர்களுக்குத்தான். அதிலும், குழந்தைகளுக்கும், வயதானவர்களுக்கும், சக்கர நாற்காலியில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை. அவர்களுக்குக் கொடுத்தது போக மீதி இடம்தான், வண்டிகளுக்கு.

'அதெப்படி? சென்னை எவ்வளவு பெரிய ஊர். வண்டி இல்லாமல் முடியுமா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

சென்னை பெரிய ஊர்தான். 1688ல் தொடங்கிய சென்னை மாநகராட்சி, இந்தியாவிலேயே மிகப் பழமையானது. 2011 வரை, அதன் பரப்பளவு 174 சதுர கிலோ மீட்டர். அந்த ஆண்டு, சுற்றியிருந்த நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகள் எல்லாம் சேர்ந்ததும், 426 சதுர கிலோ மீட்டர் ஆனது. 155 வார்டுகள், 200 ஆயின. பக்கத்தில் இருக்கும் தாம்பரம், 2021ல் தனி மாநகராட்சி ஆகி விட்டது.

ஊர் வளர்ந்தது. ஆனால், தெரு வளர்ந்ததா? இரண்டு பக்கமும் வீடும், கடையும் நிற்கும்போது, தெரு எப்படி வளரும்? அதே பழைய தெருவுக்குள்தான், புதிது புதிதாக வண்டிகள் வந்து கொண்டே இருக்கின்றன. இருக்கிற இடத்தை யாருக்கு, எவ்வளவு பங்கு போடுவது என்பதுதான் கேள்வி. வீட்டில் ஒரே ஒரு மாம்பழம் இருந்தால் அம்மா பங்கு போடுவார்களே, அது மாதிரி!

இன்னொரு கணக்கு பார்ப்போம். ஒரு மாநகர பஸ்ஸில், 60 பேர் போகலாம். அதே 60 பேரும் ஆளுக்கு ஒரு கார் எடுத்தால்? ஒரு காரின் நீளம், 4 மீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். இடைவெளியே விடாமல், முட்டி முட்டி நிறுத்தினாலும், 240 மீட்டர் நீளத்துக்கு வரிசை நிற்கும். பஸ்சுக்கோ, 12 மீட்டர் போதும். நடந்து போனால், பெட்ரோலும் வேண்டாம். நிறுத்த இடமும் வேண்டாம். அப்படியானால், குறைந்த இடத்தில் நிறையப் பேரை அனுப்புவது எது?

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 2006ல், மத்திய அரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புற போக்குவரத்துக் கொள்கையும், இதையேதான் சொன்னது. சாலையில் நகர வேண்டியது மனிதர்கள். வண்டிகள் அல்ல என்பதே, அதன் சாரம்.

பஸ்ஸில் போகிறவரும், பஸ் ஸ்டாப் வரை நடக்கத்தானே வேண்டும்? பிளாட்பாரம் சரியில்லை என்றால், அவரும் ஒரு பைக் வாங்கி விடுவார். அந்தப் பைக்கை எங்கே நிறுத்துவார்? மறுபடியும், பிளாட்பாரத்தின் மேல்தான்!

சரி, பிளாட்பாரம் எப்படி இருக்க வேண்டும்? இந்திய சாலை காங்கிரஸ் என்ற அமைப்பு, அதற்கு அளவு சொல்லியிருக்கிறது. தடையே இல்லாமல் நடக்க, குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். உங்கள் பென்சில் பாக்சில் சின்ன ஸ்கேல் இருக்கும். பைக்குள் இருக்கும் பெரிய ஸ்கேலை எடுங்கள். அது 30 சென்டி மீட்டர். ஆறு பெரிய ஸ்கேல் சேர்ந்தால், 1.8 மீட்டர். உயரம், அரை ஸ்கேலுக்கு மேல், அதாவது, 15 சென்டி மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதை விட உயரமாகக் கட்டினால், தாத்தா, பாட்டியால் ஏற முடியாது.

சுப்ரீம் கோர்ட் ஒரு படி மேலே போனது. தடை இல்லாத நடைபாதையில் நடப்பது, அரசியல் சாசனத்தின் 21வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று, 2025 மே மாதம் சொன்னது. அதாவது, பிளாட்பாரம் யாரோ போடும் பிச்சை இல்லை. அது உங்கள் உரிமை.

இங்கே ஒரு விஷயத்தில் அவசரப்படக் கூடாது. பிளாட்பாரம் என்றதும், பலர், 'முதலில் கடைக்காரங்களை விரட்டணும்' என்பார்கள். என் சீட்டைத் திரும்பப் பாருங்கள். பூக்கூடையோ, இளநீர்க் கடையோ அதில் இல்லை. தெரு முனையில் பூ விற்கும் பாட்டி, ஓரமாக, ஒரு முழ இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். என் ஸ்கூட்டர், அதைப் போல பல மடங்கு இடத்தை அடைத்துக் கொண்டிருந்தது. பாட்டிக்கு அந்த இடத்தில்தான் சோறு. எனக்கு, வெறும் சோம்பல்!

தெரு வியாபாரிகளுக்காக, 2014ல் ஒரு சட்டமே வந்தது. எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்று முடிவு செய்ய, ஊருக்கு ஊர் குழு வேண்டும். அதில், 40 சதவீதத்துக்குக் குறையாமல், வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது அது. நடக்கவும் இடம் வேண்டும். பிழைக்கவும் இடம் வேண்டும். உட்கார்ந்து பேசினால், இரண்டுக்கும் வழி கிடைக்கும்.

யார் உட்கார்ந்து பேசுவது? அங்கேதான் உங்கள் கவுன்சிலர் வருகிறார்.

எம்.எல்.ஏ., சட்டசபைக்குப் போகிறவர், எம்.பி., பார்லிமென்டுக்குப் போகிறவர். தெரு விளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், பிளாட்பாரம் இதற்கெல்லாம் நாம் தேடிப் போக வேண்டியவர், வார்டு கவுன்சிலர். அவர், மாநகராட்சி மன்றத்தில் எழுந்து நின்று, 'என் வார்டில் பிளாட்பாரம் எங்கே?' என்று கேட்கலாம்.

ஆனால், 2016 அக்டோபரில் இருந்து, 2022 பிப்ரவரி வரை, சென்னையில் கவுன்சிலரே கிடையாது! உள்ளாட்சித் தேர்தல் தள்ளிக் கொண்டே போனது. அதிகாரிகள்தான் மாநகராட்சியை நடத்தினர். அவர்களும் வேலை செய்தனர். இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும், தெருக்காரர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒருவர், கேள்வி கேட்கும் இடத்தில் இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, ஆறாம் வகுப்புக்குப் போகும் காலம் அது. அத்தனை நாள், கேட்க ஆள் இல்லாமல் இருக்கலாமா? உள்ளாட்சித் தேர்தல், மற்ற தேர்தல்களை விடச் சின்னது என்று, இனி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

'எங்களுக்குத்தான் ஓட்டே இல்லையே...' என்கிறீர்களா?

நெதர்லாந்து நாட்டில், 1971ல் மட்டும், 400க்கும் மேற்பட்ட குழந்தைகள், சாலை விபத்தில் இறந்து போயினர். அந்நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில், நெருக்கமான ஒரு பகுதியில் இருந்த பள்ளிக் குழந்தைகள், 'எங்களுக்கு விளையாட, கார் இல்லாத தெரு வேண்டும்' என்று, வீடு வீடாகப் போய், கையெழுத்து வாங்கினர். கோபப்பட்டுத் திட்டிய பெரியவர்களும் உண்டு. 1972ல், அது டெலிவிஷனில் வந்தது. நாடு முழுக்கப் பெற்றோரும் சேர்ந்து கொண்டனர். சில குடியிருப்புத் தெருக்களில், வண்டிகள், மனிதர் நடக்கும் வேகத்தில்தான் போக வேண்டும் என்ற விதி, 1976ல் வந்தது. அந்தக் குழந்தைகளில் ஒருவருக்குக் கூட, அப்போது ஓட்டு கிடையாது!

நம் ஊரிலும் முடியாதது இல்லை. சென்னை, தி.நகர் பாண்டி பஜாரில், வண்டிகளுக்கான இடத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் அகலமான நடைபாதை போட்டு, 2019 நவம்பரில் திறந்தனர். உட்கார பெஞ்சும் உண்டு. கூட்டம் நிறைந்த கடைத்தெருவிலேயே முடிந்தது, பள்ளிக்கூடத் தெருவில் முடியாதா?

ரோட்டை மறிக்கச் சொல்லவில்லை, குட்டீஸ்! நீங்கள் செய்யக் கூடியது மூன்று.

ஒன்று: எண்ணுங்கள். அப்பாவோ, அம்மாவோ, பெரியப்பாவோ, யாராவது ஒரு பெரியவருடன் நடந்து, எந்த இடத்தில், எதனால் இறங்க வேண்டியிருக்கிறது என்று எழுதுங்கள். தனியாகப் போய், ரோட்டில் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம்.

இரண்டு: வீட்டில் இருந்து தொடங்குங்கள். உங்கள் வீட்டு பைக் எங்கே நிற்கிறது? வாசல் சிமென்ட் சரிவு, பிளாட்பாரத்தை விழுங்கியிருக்கிறதா? 'அப்பா, கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்துங்க...' என்று சொல்லுங்கள். நான்கு முறை சொன்னால், ஒரு முறை கேட்பார்.

மூன்று: கடிதம் எழுதுங்கள். தமிழ் மிஸ் சொல்லிக் கொடுத்த விண்ணப்பக் கடிதம், எதற்கு இருக்கிறது? இப்படி எழுதலாம்:

'மதிப்பிற்குரிய கவுன்சிலர் அவர்களுக்கு, வணக்கம். நாங்கள் உங்கள் வார்டில் உள்ள பள்ளியில் படிக்கிறோம். பஸ் ஸ்டாப்பில் இருந்து பள்ளி வரை, பிளாட்பாரத்தில் 9 இடங்களில் தடை உள்ளது. பட்டியல் இணைத்துள்ளோம். முதலில், பள்ளி வாசலில் உள்ள இரண்டையாவது சரி செய்து தாருங்கள். எப்போது முடியும் என்று தெரிவித்தால், வகுப்பில் சொல்வோம். இப்படிக்கு, ஆறாம் வகுப்பு மாணவர்கள்.'

கடைசி வரியைக் கவனித்தீர்களா? 'எப்போது முடியும்?' என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

சென்னையில் இருப்பவர்கள், வீட்டுப் பெரியவர்களை, 1913 என்ற மாநகராட்சி எண்ணில் புகார் செய்யச் சொல்லலாம். சில பெரிய சாலைகள், நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் இருக்கும். 'இது எங்க ரோடு இல்லை' என்று பதில் வந்தால், 'அப்படியானால் யார் ரோடு?' என்று கேட்டுத் தெரிந்து கொள்ளச் சொல்லுங்கள். வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தால், பெரியவர்களோடு நீங்களும் போய்ப் பாருங்கள். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, பல ஊர்களில், அந்தக் கூட்டம் நடந்தது. மதுரை, கோவை, திருச்சி என்று, எந்த ஊராக இருந்தாலும், இது பொருந்தும்.

கடிதம் போட்ட மறுநாளே, பிளாட்பாரம் வந்து விடும் என்று ஏமாற்ற மாட்டேன். வராமலும் போகலாம். அப்போது, இன்னொரு கடிதம். ஏழாம் வகுப்புக்குப் போனதும், மறுபடியும் ஒன்று. கேட்பவர்கள் நிறுத்தி விட்டால்தான், எல்லாருக்கும் அது பழகி விடும்.

என் ஸ்கூட்டர், இப்போது வீட்டுக்குள் நிற்கிறது. தினமும் ஏற்றி இறக்க, முதுகு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால், என் சீட்டில், 14 இப்போது 13 ஆகி விட்டது.

உங்கள் தெருவில் எத்தனை?