ரெக்கார்டு சரியில்லாதவன்

“ரெக்கார்டு சரியில்லையேப்பா.”

மூன்று மாதத்தில் நான்கு லாரி ஆபீசில் இதைக் கேட்டாகிவிட்டது. டிரைவர் வேலை கேட்டுப் போனவன் என் சித்தப்பா மகன். கூடப் போனவன் நான். பேங்க்கில் கிளார்க்காக இருக்கிற அண்ணன் கூட வந்தால் கொஞ்சம் மதிப்பார்கள் என்று நம்பி அழைத்துப் போனான். மதித்தார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். அவன் நின்றுகொண்டிருந்தான்.

பதினோரு வருஷம் ஹெவி ஓட்டியவன். கிளீனராக ஏறி, டயர் கழற்றி, தார்ப்பாய் கட்டி டிரைவரானவன். குறுவையிலும் சம்பாவிலும் கொள்முதல் நிலையத்து நாற்பது கிலோ சிப்பங்களை ஏற்றிக்கொண்டு கிடங்குக்கும் நீடாமங்கலம் ரயிலடிக்கும் ஓடியவன். கிடங்கு வாசலில் நாள்கணக்கில் வரிசையில் நின்று, நெல்லு நனையாமல் காத்து, லோடு மேலேயே படுத்துக் கிடந்தவன். தஞ்சாவூர் கவிஞர்கள் காவிரியைப் பாடுவார்கள், கதிரைப் பாடுவார்கள். நானும் பாடியிருக்கிறேன். அந்தக் கதிரை ஊர் தாண்டிக் கொண்டுபோகிறவனைப் பாடினதில்லை.

அப்படி என்ன இருக்கிறது அவன் ரெக்கார்டில்? சொல்கிறேன்.

2022, சம்பா நடவு நேரம். பொழுது சாய்கிற வேளை. வெண்ணாற்றங்கரை ரோடு. எதிரே ஒரு வண்டி வந்தால் இன்னொன்று ஒதுங்கி நின்றாக வேண்டிய அகலம். நடவு முடித்துக் கரையேறி வந்த ஒரு பெண்ணை லாரி இடித்தது. கால் போயிற்று. அவளும் சேரிக்காரிதான். ஸ்டியரிங்கில் இருந்தது ஓனர் மகன். ஹெவி லைசென்ஸ் கிடையாது, ‘பழகிக்கொண்டிருந்தான்’. என் தம்பி பக்கத்து சீட்டில். அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவன் என் தம்பிதான். ஓனர் மகன் வீட்டுக்கு ஓடினான்.

ராத்திரி ஓனர் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். அதுவரைக்கும் இந்தத் தெருவில் கால் வைக்காத மனுசன். “நீ ஓட்டுனதா ஒத்துக்கடா. லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டுனான்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ்காரன் காசு தரமாட்டான். அந்தப் பொம்பளைக்குத்தான நஷ்டம்? ஒங்க சனம்தான அவ?” எங்கள் இரக்கத்தையே கயிறாக்கி எங்களைக் கட்டினார். நானும் சேர்ந்து சொன்னேன்: “ஒத்துக்கடா தம்பி, ஃபைனோட போயிடும்.” சொன்னவன் படித்தவன், பட்டதாரி. பொய் என்று தெரிந்தே சொன்னேன். இந்தக் கட்டுரையில் முதல் குற்றவாளி நான்தான்.

ஓனர் சொன்ன கணக்கு பொய்க் கணக்கு. 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. ஓட்டியவனுக்குச் சரியான லைசென்ஸ் இல்லாவிட்டாலும், அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியை முதலில் கொடுக்கச் சொல்லி, பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ள உத்தரவிட முடியும். ஆக அவளுக்குக் காசு கிடைக்க வழி இருந்தது. போக வேண்டியது ஓனர் வீட்டுப் பெட்டியிலிருந்து. அந்தப் பெட்டியைக் காப்பாற்றத்தான் என் தம்பியின் பேர் வேண்டியிருந்தது.

இந்திய தண்டனைச் சட்டம் 279, 338. குற்றத்தை ஒப்புக்கொண்டான். அபராதத்தை ஓனர் கட்டினார். லைசென்சில் ஏறிய எழுத்தை யார் கட்டுவது? ஆறு மாதம் ஓட்டக்கூடாது என்று தடை. தடை முடிந்து திரும்பிப் போனால் அதே ஓனர் சொல்கிறார்: “கேஸு உள்ள ஆள வச்சிக்க முடியாதுடா.”

சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள் தோழர்களே. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 133ஆம் பிரிவு: போலீஸ் கேட்டால் வண்டியை ஓட்டியது யார் என்று ஓனர் சொல்ல வேண்டும். பேரை எழுதிக் கொடுக்கிற பேனா ஓனர் கையில். 194ஆம் பிரிவு: அதிக பாரத்துக்கு 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாய், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. இது ஓட்டவைத்தவனுக்கும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 21ஆவது விதி, அதிக பாரம் ஏற்றியதை டிரைவரின் லைசென்சுக்கே தடை போடத்தக்க காரியங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. “இன்னும் அம்பது மூட்ட போடு” என்று சொன்னவன் யார்? ஓனரின் பெர்மிட்டையும் நிறுத்திவைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் பெர்மிட் வண்டியோடு நின்றுவிடும், அவர் இன்னொரு வண்டியை எடுப்பார். டிரைவருக்கு எடுத்துக்கொள்ள இன்னொரு உடம்பு இல்லை. லைசென்ஸ் ரத்தானவன் பேரைப் பொதுவில் போடலாம் என்றும் 2019 திருத்தம் சொல்கிறது. பாரம் ஏற்றச் சொன்னவன் பேரை எந்தச் சுவரில் ஒட்டுவது?

‘இது தொழிலாளி பிரச்சினை, இதில் சாதி எங்கே வந்தது’ என்று கேட்கிற தோழர்கள் இருப்பார்கள். வாருங்கள், அதே நான்கு ஆபீசுக்குப் போவோம். அங்கே ஓட்டுகிறவர்களில் கேஸ் இல்லாதவர்கள் மட்டும்தானா இருக்கிறார்கள்? ஆளையே சாகடித்தவனும் ஓட்டுகிறான். அவன் ஓனரின் மச்சான் முறை, அல்லது பக்கத்து ஊர் சொந்தம். அவனுக்கு நடந்தது ‘கெட்ட நேரம்’. நமக்கு நடந்தால் ‘ரெக்கார்டு’. ஒரே தப்புக்கு ஊரில் ஒரு பேர், சேரியில் ஒரு பேர்.

சொந்த லாரி இருந்தால் இந்தப் பாடு இல்லை என்பீர்கள். தாட்கோ மானியத்தோடு வண்டிக் கடன் கேட்டு வருகிற நம் பிள்ளைகளைக் கவுண்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்க்கிறேன். ஜாமீன் கேட்பார்கள், சொத்துப் பத்திரம் கேட்பார்கள். நிலம் இருந்தால் அவன் ஏன் லாரி ஓட்ட வருகிறான்?

வெண்மணியை நினைத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25இல் 44 பேரை வைத்து எரித்தார்கள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. இவ்வளவு நிலம் வைத்திருப்பவர்கள், அதிலும் ஒருவர் கார் வைத்திருப்பவர், தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்ற அர்த்தத்தில் அந்தத் தீர்ப்பு பேசியது. வண்டி வைத்திருப்பதே அன்றைக்கு ஒருவனுக்கு நன்னடத்தைச் சான்றிதழாக இருந்தது. இன்றைக்கும் வண்டி வைத்திருக்கிறவனுக்கு ரெக்கார்டு சுத்தம். வண்டி ஓட்டுகிறவனுக்குத்தான் கறை.

இப்போது ஐந்தாவது ஆபீசுக்கு வருகிறேன். அங்கே வேலை உண்டு என்றார்கள். “ஒன் ரெக்கார்டுக்கு வேற எவன் குடுப்பான்? பாதி பேட்டா. ஒரிஜினல் லைசென்ஸ் எங்கிட்ட இருக்கணும். நான் சொல்ற வரைக்கும் வேற வண்டி ஏறக் கூடாது.” அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கிற்று. கெட்ட ரெக்கார்டு வேலைக்குத் தடை இல்லை. கூலியைக் குறைக்கிற விலைச்சீட்டு அது. ஆளைக் கட்டிப்போடுகிற கயிறு அது. எங்கள் தாத்தன் காலத்தில் கையில் சாட்டையும் சாணிப்பாலும் வைத்துக்கொண்டு, கடன் சீட்டைக் காட்டிப் பண்ணையாளைக் கட்டிவைத்தான் மிராசுதார். செங்கொடி பிடித்துப் போராடி, 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கடன் சீட்டு போனது. பேரன் காலத்தில் லைசென்ஸ் புத்தகம் வந்திருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுகிறவனை, போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவனை ‘நம்ம ஆள்’ என்பதற்காக நான் தாங்கமாட்டேன். கரை ரோட்டில் நடந்து போகிறவள் நம் அக்கா, சைக்கிளில் போகிறவன் நம் பிள்ளை. காலிழந்த அந்தப் பெண் இன்றைக்கு நடவுக்குப் போக முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை இடித்தது யார் என்று இன்றுவரை அவளுக்குப் பொய்தான் தெரியும். என் தம்பியைப் பார்த்தால் மண்ணை வாரித் தூற்றுகிறாள். அந்தச் சாபம் போய்ச் சேர வேண்டிய வீட்டு வாசலில் புதுசாக இன்னொரு லாரி நிற்கிறது. சேரியைச் சேரிக்கு எதிராக நிறுத்திவிட்டு அவன் நிம்மதியாகத் தூங்குகிறான். நாமும் அதற்குத் துணைபோனோம்.

2024 ஜனவரியில் நாட்டின் பல பகுதிகளில் லாரி டிரைவர்கள் ஸ்டியரிங்கை விட்டு இறங்கினார்கள். ஆள் சாக இடித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் வரை சிறை என்று புதிய சட்டத்தின் 106(2) சொன்னது. நின்றால் ஊர் அடிக்கும், ஓடினால் பத்து வருஷம். இறங்கினார்கள். 2024 ஜூலை 1இல் புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த ஒரு உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. சேர்ந்து இறங்கினால் டில்லி கேட்கிறது. தனித்தனியாக ஆபீஸ் ஆபீசாக நின்றால் தஞ்சாவூரே கேட்காது.

சட்டம் படிக்கிற மாணவத் தோழர்களே, தீர்மானம் போடுவதோடு இதையும் செய்யுங்கள். சேரி சேரியாகப் போய் டிரைவர்களை உட்காரவைத்துப் பேசுங்கள். ஓட்டாத வண்டிக்கு ஒத்துக்கொள்ளாதே என்று சொல்லுங்கள். அசல் லைசென்சை எவன் பெட்டியிலும் வைக்காதே என்று சொல்லுங்கள். லைசென்ஸ் அதிகாரி 19ஆம் பிரிவின்படி தடை போட்டால், உத்தரவு கிடைத்த முப்பது நாளுக்குள் அப்பீல் உண்டு. எழுதிக் கொடுங்கள். 25ஆம் பிரிவைப் படித்துக் காட்டுங்கள்: கடைசி என்டார்ஸ்மென்டிலிருந்து தொடர்ச்சியாக மூன்று வருஷம் வேறு என்டார்ஸ்மென்ட் இல்லையென்றால், பழைய எழுத்து எதுவும் இல்லாத புது லைசென்ஸ் கேட்க உரிமை உண்டு. மூன்று வருஷத்தில் சட்டமே மறக்கிறது. ஓனர் மறக்கமாட்டேன் என்றால், அவன் நினைவில் வைத்திருப்பது கேசை அல்ல, தெருவை.

தம்பி போன வாரம் அந்த ஐந்தாவது ஆபீசிலேயே வேலைக்குச் சேர்ந்தான். வீட்டில் அரிசி இல்லை, வேறென்ன செய்வான். நானும் இரண்டு தோழர்களும் கூடப் போனோம். எனக்கு நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை. லைசென்சைக் கொடுக்கமாட்டோம், நகல்தான் என்றோம். அரை மணி நேரம் சத்தம். சீசன் நேரம், ஆள் கிடைக்கவில்லை. ஒத்துக்கொண்டார். பேட்டா இன்னும் பாதிதான். அதற்கு இன்னும் நிறையப் பேர் வேண்டும்.

அந்தப் பெண் வீட்டுக்கு இன்னும் போகவில்லை. இந்த இதழ் அச்சாகி வரும்போது ஒன்றை எடுத்துக்கொண்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.